குடும்பத்தோடு அமெரிக்காவில் சான் டியாகோ போகிறோம். ஆடை கட்டாயமில்லாத பிளாக்ஸ் பீச்சுக்குப் போகலாமா, சங்கடமாக இருக்குமா?

மகனோ மகளோ அங்கே இருப்பார்கள், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள், வார நாளில் பொழுது போகாது. சரிதானே? நானும் அப்படிப் போனவன்தான். "ரிட்டயர்டு ஆன வயதில் இதெல்லாம் தேவையா" என்று கிளம்பி வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் பார்க்கப் போனது அந்த பீச்சை ஒட்டி நிற்கும் மலைச்சரிவை. மண்ணும் கல்லுமாகவே முப்பது வருஷம் வேலை பார்த்தவன். நம்பாதவர்கள் என் மனைவியைக் கேளுங்கள். சரிவின் உச்சியில் பாராகிளைடர் கிளம்பும் இடமான கிளைடர் போர்ட்டில் உட்கார்ந்து, பாராகிளைடரில் பறக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

துணி விஷயம் கிடக்கட்டும், உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? கடற்கரைக்கு மேலே சுமார் 300 அடி உயரத்துக்குச் செங்குத்தான மணற்பாறை. நகத்தால் கீறினால் உதிர்கிறது. கிளைடர் போர்ட்டிலிருந்து இறங்கும் பாதை கொஞ்ச தூரம் படி, மீதி வெறும் மண். கீழே அலை அரிக்கிறது, மேலே மழைத்தண்ணீர் ஊறுகிறது. சரியாமல் என்ன செய்யும்? 2023 ஜனவரியில் சரிவின் பெரிய பகுதி ஒன்று அப்படியே பெயர்ந்து கடற்கரையில் வந்து விழுந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஜனங்கள் சரிவின் அடியிலேயே துண்டு விரித்துப் படுத்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த துறையில் (பெயர் வேண்டாம்) ஒரு மலைச்சாலைத் தடுப்புச் சுவருக்கு, பின்னால் தேங்கும் தண்ணீர் வடியத் துளை வேண்டும் என்று எஸ்டிமேட்டில் எழுதினேன். மேலதிகாரி அடித்துவிட்டார். அடுத்த மழையில் சுவர் விழுந்தது. 17 பி மெமோ (ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் கடிதம்) யாருக்கு வந்தது? எனக்கு! ஓய்வுக்காலப் பணம் மொத்தமும் அதில் சிக்கி நின்றது. அவர் பதவி உயர்வோடு போனார். சரி, விடுங்கள்.

கீழே என்ன இருக்கிறது என்றுதானே கேட்டீர்கள். தெற்குப் பக்கம் நகராட்சியுடையது. 1974-இல் அங்கே ஆடையில்லாமல் இருக்க அனுமதித்து, 1977-இல் ஓட்டெடுப்புக்குப் பிறகு ரத்து செய்துவிட்டார்கள். அங்கே சர்ஃபிங் ஆட்கள்தான் அதிகம். கடலுக்கடியில் கரைக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளத்தாக்கு இருப்பதால் அலை பலமாக எழும்புகிறது. வடக்குப் பக்கம் மாநிலப் பூங்காவுடையது, துணியில்லாதவர்கள் அங்கேதான். நான் பார்த்தவரை பெரும்பாலும் என் வயசுக்காரர்கள். தொப்பி மட்டும் போட்ட ஒருவர் "குட் மார்னிங்" என்றார். நானும் சொல்லிவிட்டு, எந்த இடம் சரிந்தது என்று கேட்டேன். நின்று நிதானமாகக் கையைக் காட்டி விளக்கினார். என் மகன்தான் கடலைப் பார்த்தபடி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வந்தான். "அப்பா, போதும் வாங்க" என்று எத்தனை தடவை சொன்னானோ! நான் வேட்டி சட்டையோடுதான் இருந்தேன். அதையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போங்கள். ஆனால் லா ஹோயா ஃபார்ம்ஸ் ரோட்டிலிருந்து கார் விடாத தார்ச்சாலை ஒன்று இறங்குகிறது, அதில் போங்கள். ஏற்றம் மூச்சு வாங்கும், வழுக்காது. அலை வற்றும் நேரம் பார்த்து இறங்குங்கள். போனைப் பையை விட்டு எடுக்காதீர்கள். மருமகளைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், வேண்டாம்.