பழைய கடனை அடைக்க, அதைக் கொடுத்தவரிடமே புதுக் கடன் வாங்கலாமா?

வாங்காதீர்கள். நீங்கள் கேட்டிருப்பது பழைய கடனை முடிக்கும் வழியல்ல. அதே கடனை இன்னும் பெரிதாக்கி மறுபடி எழுதும் வழி.

ஆறு மாதமாகக் கட்டியும் அசல் குறையவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் நீங்கள் கட்டுவதெல்லாம் வட்டிக்கும் தவணை தள்ளிப்போட்ட கட்டணத்துக்குமே போகிறது. கூலி வாங்குபவரைத் தேடி வந்து கடன் கொடுப்பவர்கள் பலர் பிழைப்பதே இப்படித்தான். இதில் உங்கள் தவறு என்று வெட்கப்பட எதுவுமில்லை.

இன்றே ஒரு கணக்குப் போடுங்கள். எழுதிய தொகையை விடுங்கள், கையில் வந்தது எவ்வளவு? 100 என்று எழுதி, 10 பிடித்துக்கொண்டு 90 தந்து, இரண்டு வாரத்தில் 100 கேட்டால், அந்த இரண்டு வாரத்துக்கே வட்டி 11 சதவீதம். ஆண்டுக்கு ஏறத்தாழ 289 சதவீதம். பிறகு அசல், வட்டி, கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அதையும் தேதியோடு குறித்துவையுங்கள்.

ஒன்றில் கவனம்: கோபத்தில் திடீரென்று கட்டுவதை நிறுத்தாதீர்கள். சட்டம் அனுமதிக்கும் வட்டி உச்சவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். அதனால் அந்தக் கணக்குத் தாளோடு இலவசச் சட்ட உதவி மையத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ முதலில் போங்கள். அதுவரை வெற்றுத் தாளில் கையெழுத்து, ஏடிஎம் அட்டை, அடையாள அட்டை எதையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.