சிறைவாசம் கைதிகளின் மனத்தையும் காவலர்களின் மனத்தையும் எவ்வாறு மாற்றுகிறது?

இக்கேள்விக்குப் பலரும் முதலில் சுட்டுவது, 1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ நடத்திய போலிச் சிறைச் சோதனையைத்தான். இரண்டு வாரங்களுக்குத் திட்டமிடப்பட்ட அது, காவலர்களாக நடித்த மாணவர்களின் கொடுமையாலும் கைதிகளாக நடித்தவர்களின் மன உளைச்சலாலும் ஆறே நாட்களில் நிறுத்தப்பட்டது. ஆயினும், கடுமையாக நடந்துகொள்ளுமாறு அந்தக் காவலர்கள் ஊக்குவிக்கப்பட்டதற்கான பதிவுகள் பின்னர் வெளிவந்ததால், அதை மட்டும் சான்றாகக் கொள்வது சரியன்று.

உண்மையான சிறையில் மாற்றம் மெதுவாக நிகழ்கிறது. எப்போது உண்பது, எப்போது உறங்குவது என்ற சிறு முடிவுகள்கூடப் பிறர் கைக்குப் போய்விடுவதால், ஆண்டுகள் செல்லச் செல்லத் தாமாக எதையும் தொடங்கும் ஆற்றலைக் கைதிகள் பலர் இழக்கின்றனர். பலவீனம் வெளிப்பட்டால் ஆபத்து என்பதால் உணர்ச்சிகளை மறைக்கப் பழகுகின்றனர். உள்ளே உயிரைக் காத்த அந்த இறுக்கமும் அவநம்பிக்கையும்தான், விடுதலைக்குப் பின் மனைவி மக்களிடமிருந்து அவர்களைப் பிரித்துவைக்கின்றன. தனிமைச்சிறை இவற்றைவிடக் கொடியது. உறக்கமின்மை, பதற்றம், மாயத்தோற்றங்கள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவை அங்கே மிகுதி. தொடர்ந்து 15 நாட்களுக்கு மேற்பட்ட தனிமைச்சிறையை கைதிகளை நடத்தும் முறை குறித்து 2015இல் ஏற்கப்பட்ட ஐ.நா.வின் மண்டேலா விதிகள் தடைசெய்கின்றன.

காவலர்களைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம், அது வருந்தத்தக்கது. வன்முறையையும் தற்கொலைகளையும் அடிக்கடி காணும் அவர்களிடம் மனச்சோர்வும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தமும் பரவலாக உள்ளன. ஓயாத விழிப்பும் உணர்ச்சியற்ற கட்டளைக் குரலும் பணிநேரத்தோடு முடிவதில்லை; ஆள்பற்றாக்குறையும் நீண்ட பணிநேரமும் உள்ள சிறைகளில் அவை வீடுவரை தொடர்கின்றன.