தாடை வலிக்கு வேர் சிகிச்சையா?

கேள்வி: சில வாரங்களாக வலது தாடை வலிக்கிறது; வாயைத் திறந்தால் காதோரம் 'டக்'கென்று ஓசை கேட்கிறது. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து, மேலே உறை (கேப்) போடச் சொல்கிறார்கள். செலவை நினைத்துத் தயங்குகிறேன்.
– வாசகி, களியக்காவிளை

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள், பல்லைவிட, காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டையும் மெல்லும் தசைகளையுமே முதலில் சந்தேகிக்க வைக்கின்றன. சூடோ குளிரோ பட்டபின் நெடுநேரம் நீடிக்கும் கூச்சம், இரவில் விண்ணென்று தெறிக்கும் வலி, எக்ஸ்ரேயில் வேர்நுனிப் பாதிப்பு போன்றவற்றில் ஏதேனும் இருந்தால்தான் வேர் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். மூட்டு வலியை அது தீர்க்காது. ஆகவே அவசரப்படாமல், எக்ஸ்ரேயுடன், கேரள எல்லையில் இருக்கும் உங்களுக்கு அருகிலுள்ள திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். வேர் சிகிச்சைக்கும் உறைக்கும் கட்டணம் பெரும்பாலும் தனித்தனி என்பதால், உறை உலோகமா, செராமிக்கா, சிர்கோனியாவா என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். அதுவரை மென்மையான உணவும் வெந்நீர் ஒத்தடமும் போதும். நேந்திரங்காய் சிப்ஸுக்கு (உங்கள் ஊரில் அதைத் தவிர்ப்பது கடினம்தான்) விடுப்புக் கொடுங்கள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவரானால் தூங்கும்போது பற்களில் மாட்டிக்கொள்ளும் இரவுக் கவசம் உதவக்கூடும். வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தாலோ, வாய் திறக்க முடியாமற்போனாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். தாடை வலியுடன் நெஞ்சழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.