வெள்ளை அணுக்களே உணவுக்குழாயைப் புண்ணாக்குமா?

ஆமாம். நம்மைக் காக்க வேண்டிய அணு எப்படி நம்மையே தாக்கும் என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளை அணுக்களில் ஈசினோஃபில் என்ற வகையைத்தான் இதில் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒட்டுண்ணிப் புழுக்களைத் தாக்கும் நச்சுப் புரதங்கள் அதற்குள் குருணை குருணையாக இருக்கும். குடலில் இந்த அணுக்கள் கொஞ்சம் இருப்பது இயல்பு, உணவுக்குழாயில் இருக்காது. பால், கோதுமை மாதிரி ஏதாவது ஒவ்வாமல் போனால் அங்கே கூட்டமாக வந்து அந்தப் புரதங்களைக் கொட்டிவிடும். உட்சவ்வு அழன்று வீங்கும். இதுதான் ஈசினோஃபிலிக் உணவுக்குழாய் அழற்சி என்ற நோய். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் தழும்பேறிக் குழாயே சுருங்கிவிடும், அப்புறம் விழுங்கியது நெஞ்சிலேயே நிற்கும்.

கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழி விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் வளையம் வளையமாகத் தெரியலாம். பார்வைக்குச் சரியாக இருந்தாலும் திசு எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். நுண்ணோக்கியில் அதிகப் பெருக்கத்தில் ஒரே பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேல் ஈசினோஃபில்கள் தெரிந்தால் இந்த நோயாக இருக்கலாம். அடிக்கடி சாப்பாடு சிக்கினால் தண்ணீர் குடித்தே சமாளிக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.