இரத்த அழுத்தம் உள்ள என் தந்தையிடம் உப்பைக் குறைக்கச் சொல்கிறார் மருத்துவர். இந்துப்புக்கு மாறினால் போதுமா? நம் சமையலில் எங்கிருந்து குறைப்பது?

உங்கள் முதல் கேள்விக்கான பதில்: போதாது. இந்துப்பின் நிறமும் சுவையும் சற்றே வேறுபட்டாலும், அதில் ஏறத்தாழ முழுவதும் இருப்பது சாதாரண உப்பிலுள்ள அதே சோடியம் குளோரைடுதான். போதாக்குறைக்கு, அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டுமே வீடு முழுவதும் உண்டுவந்தால் அயோடின் குறைபாடும் வரக்கூடும். உடம்புக்கு நல்லது என்று நம்பி அதைத் தாராளமாக அள்ளிப் போடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு, எங்கள் வீட்டில் என் அம்மாவுக்காகச் செய்துவருவதை வைத்தே எழுதுகிறேன். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தூள் உப்பாக அளந்தால், தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாத அளவு. அமெரிக்கா போன்ற நாடுகளில் உப்பின் பெரும்பகுதி பாக்கெட் உணவிலும் உணவகங்களிலும் இருந்து வருவதால், அங்கே அதைக் குறைப்பது தனி மனிதர் கையில் அவ்வளவாக இல்லை. நம் வீடுகளில் பெரும்பகுதியை நாமே அடுப்படியில் நம் கையால் போடுகிறோம் என்பதால், குறைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

எனவே முதலில் உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் மட்டும் சாப்பிடும் வீட்டில், ஆளுக்கு 5 கிராம் என்றாலும், ஒரு கிலோ உப்பு 50 நாள்கள் வர வேண்டும். ஊறுகாய், பிஸ்கட், கடைப் பலகாரம் வழியாகச் சேரும் உப்பையும் நினைத்தால் அதற்கும் மேலே வர வேண்டும். புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேலேயே தேதியை எழுதி வையுங்கள். எவ்வளவு குறைக்க வேண்டியிருக்கிறது என்பது, பாக்கெட் தீரும் நாளில் யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

நம் சாப்பாட்டில் சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, மோர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உப்பு விழுகிறது. எல்லாவற்றிலும் ஒரே நாளில் கையைச் சுருக்கினால் தட்டு அப்படியே திரும்பி வரும். குழம்பை அப்படியே விட்டுவிட்டு, பொரியலிலும் தயிர்சாதத்திலும் முதலில் குறைப்பது நல்லது. குழம்பின் உப்பே பொரியலுக்கும் சேர்ந்து பேசிவிடும். புளியும் மிளகும் சீரகமும் தூக்கலாக இருக்கும் ரசம், உப்புக் குறைவை மற்ற எதையும்விட நன்றாகத் தாங்கும். கீரையில் பலருக்கும் கை தவறுகிறது: சட்டி நிறையக் கிடக்கும் பச்சைக் கீரையைப் பார்த்து உப்பைப் போட்டுவிட்டால், வெந்து ஒரு பிடியாகச் சுருங்கியபின் கரிக்கிறது. மசித்த பிறகு போட்டால் பாதி உப்பே போதும். இப்படிச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு போனால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அப்பாவுக்கு மட்டும் தனியாக உப்பில்லாமல் சமைத்து வைக்காதீர்கள். அது அவருக்குத் தண்டனைபோல ஆகிவிடும், குறைந்த உப்பு மற்றவர்களுக்கும் நல்லதே.

உண்மையில் கடினமானவை ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவைதான். அப்பளத்தில் உப்போடு சேரும் அப்பளக்காரமும் சோடியம் உள்ள பொருளே. தயிர்சாதத்துக்கு உப்பு நார்த்தங்காய் இல்லாமல் என் அம்மாவுக்குச் சாப்பாடு முடிந்ததாகவே இராது. ஒரு துண்டை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளிக் கடைசிப் பருக்கைவரை வைத்துக்கொள்வார். அதை நிறுத்தச் சொல்லாமல், உப்பு குறைத்து அரைத்த கறிவேப்பிலைத் துவையலையும் அன்றன்று நறுக்கிய மாங்காயையும் பக்கத்தில் வைக்கத் தொடங்கினோம். நார்த்தங்காய் இப்போது எப்போதாவதுதான் தட்டுக்கு வருகிறது.

இவ்வளவு பாடுபட்டால் பலன் இருக்குமா என்று உங்கள் தந்தை கேட்கக்கூடும். 2001இல் அமெரிக்காவில் வெளியான டாஷ்-சோடியம் ஆய்வில், காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் மிகுந்த உணவை உப்பும் குறைத்து உண்ட உயர் இரத்த அழுத்தக்காரர்களுக்கு, வழக்கமான உணவை மிகுந்த உப்போடு உண்டவர்களைவிட மேல் அளவு சராசரியாக 11.5 புள்ளிகள் குறைவாக இருந்தது. ஒரு மாத்திரை தரும் பலனோடு ஒப்பிடத்தக்கது இது. அதற்காக மாத்திரையை அவராகவே நிறுத்திவிடக் கூடாது. அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை, வீட்டில் அளந்து எழுதிவைத்த எண்களைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஒரு பகுதி சோடியம் குளோரைடுக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை உண்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. ஆகவே இந்துப்பைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் அபாயகரமாக ஏறிவிடலாம். அது இதயத் துடிப்பையே பாதிக்கும். இரத்த அழுத்தத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் இவற்றில் சிலவும் இருப்பதால், உங்கள் தந்தையின் மாத்திரை அட்டைகளையும் அண்மையில் எடுத்த கிரியாட்டினின், பொட்டாசியம் பரிசோதனை முடிவுகளையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே அந்த உப்பை வாங்குங்கள்.