மனச்சோர்வுக் குளிசை: எதைப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும்?

கேள்வி: மகளுக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். மனச்சோர்வு என்று கிளினிக்கில் புளுஒக்செற்றின் 20 மில்லிகிராம் தந்தார்கள். இன்று ஒன்பதாம் நாள். சத்தி வருகிறமாதிரி இருக்குதாம், இரவில் நித்திரை இல்லை, மனமும் மாறவில்லை. நிறுத்திவிடலாமா?
*ஒரு தாய், களுவாஞ்சிகுடி*

பதில்: குமட்டலுக்காக நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் இந்த வாரங்களில் மகளைத் தனியே விடவும் வேண்டாம்.

இந்த மருந்து செரட்டோனின் என்ற பொருளில் வேலை செய்கிறது. உடம்பிலுள்ள செரட்டோனினில் ஏறக்குறைய 90 வீதம் இருப்பது குடலில். அதனால்தான் மனம் தெளிய முன்னமே வயிறு குழம்புகிறது. வயிறு பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் பழகிவிடும். மனம் தெளியத் தொடங்க 2 முதல் 4 கிழமை, முழுப் பலன் தெரிய 6 கிழமைகூட ஆகலாம். ஒன்பதாம் நாளில் தொல்லை மட்டுமே தெரியும், பலன் தெரியாது. நிறைய வீடுகளில் குளிசை குப்பைக்குப் போவது இந்தக் கிழமையில்தான்.

காலையில் புட்டோ இடியப்பமோ சாப்பிட்ட கையோடு குடிக்கக் கொடுங்கள். புளுஒக்செற்றினை இரவில் குடித்தால் பலருக்கு நித்திரை குழம்பும். பின்னேரத் தேத்தண்ணியையும் கோப்பியையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாருங்கள். ஒருநாள் மறந்துபோனால், அன்றே ஞாபகம் வந்தால் குடிக்கலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைய ஒன்று மட்டும் போதும், இரண்டாகக் கொடுக்காதீர்கள்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்களில் சிலருக்கு, மருந்து தொடங்கிய முதல் கிழமைகளிலும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர்களுக்கும், 2007இல் 24 வயது வரையானவர்களுக்கும் இந்த எச்சரிக்கையை மருந்து விபரத்திலேயே போட வைத்தது. ஒரு இடத்தில் இருக்கமுடியாமல் அங்கும் இங்கும் நடப்பது, காரணமில்லாமல் சீறி விழுவது, "நான் இல்லாவிட்டால் நல்லது" என்று கதைப்பது: இதில் ஒன்றைக் கண்டாலும் கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும். கதைத்து ஆலோசனை கேட்க 1926. குளிசையை நீங்களே வைத்து ஒவ்வொன்றாகக் கொடுங்கள். வட்டைக்கு அடிக்கிற கிருமிநாசினிப் போத்தல் வீட்டு விறாந்தையில் இருந்தால் இன்றைக்கே அதைப் பூட்டி வையுங்கள், அல்லது வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. இரண்டு மூன்று மணித்தியாலம் மட்டும் படுத்து, களைப்பே இல்லாமல், ஓயாமல் கதைத்து, கண்டபடி காசு செலவழிக்கத் தொடங்கினால், குணமாகிவிட்டாள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அதையும் உடனே டொக்டருக்குச் சொல்ல வேண்டும்.

கேள்வி: வாப்பாவுக்கு 68 வயது. சேர்ட்ரலின் 50 தொடங்கி மூன்று கிழமை. ஏற்கெனவே பிறசருக்கும் குளிசை. நாரி நோவுக்குப் பாமசியில் டைக்ளோபினாக் வாங்கிக் குடிக்கிறார். இரண்டு நாளாகத் தலையிடி, நடை தடுமாறுது, மறுகா எங்கட பெயரையும் மாறி மாறிக் கூப்பிடுறார். வயசுதான் காரணமா?
*ஒரு மகன், சம்மாந்துறை*

பதில்: வயது என்று விடாதீர்கள். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சேர்ட்ரலினும் புளுஒக்செற்றின் வகைதான். வயதானவர்களுக்கு இந்த வகை மருந்து இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடலாம், பெரும்பாலும் முதல் சில கிழமைகளிலேயே. பிறசர் குளிசை சலம் கூடப் போகவைக்கும் வகையென்றால், உதாரணமாக ஹைட்ரோகுளோரோதயசைட், ஆபத்து இன்னும் கூடும். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உப்புக் கரைத்துக் கொடுத்து வீட்டில் வைத்தியம் பார்க்க வேண்டாம்.

டைக்ளோபினாக்கும் இபுபுரூபனும் சேர்ட்ரலினோடு சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடும். மலம் தார் போலக் கறுத்தால் அதுவும் அவசரம். நோவுக்குப் பனடோல் பாதுகாப்பானது, அளவோடு. வேறு யாருக்கோ தந்த ட்ரமடோல் என்ற நோக் குளிசையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சேர்ட்ரலினும் அதுவும் சேர்ந்து செரட்டோனின் அளவுமீறினால் வியர்த்து, நடுங்கி, காய்ச்சலோடு கால் துடிக்கத் தொடங்கும். இருமல் பாணியில் டெக்ஸ்ட்ரோமெத்தோர்பன் இருந்தாலும் அப்படித்தான். போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் தந்த கடதாசி உறைகளையும் எறியாதீர்கள். பெயரும் அளவும் அதில்தான் எழுதியிருக்கும்.

கேள்வி: நோன்பு காலத்தில் குளிசையை விட வேண்டி வருமா?
*ஒரு சகோதரி, காத்தான்குடி*

பதில்: நாளுக்கு ஒருதரம் குடிக்கும் புளுஒக்செற்றின், சேர்ட்ரலின் இரண்டையும் ஸஹரிலோ, நோன்பு திறந்து சாப்பிட்ட பின்னோ எடுக்கலாம். நித்திரை குழம்பினால் ஸஹர் நல்லது. நித்திரை தூக்கும் இன்னொரு மனச்சோர்வுக் குளிசையான அமிற்றிப்டிலினை தராவீஹ் முடிந்து உடனே குடியுங்கள். பிந்திக் குடித்தால் ஸஹருக்கு எழும்ப முடியாமல் தலை கனக்கும். மனநிலை ஏறி இறங்காமல் இருக்கத் தரும் லித்தியம் எடுப்பவர்களுக்கு மட்டும் கதை வேறு. தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடும். ரமழானுக்கு முன்பே டொக்டரைக் காணாமல் நோன்பு பிடிக்கக்கூடாது. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

கேள்வி: தம்பி நான்கு மாதம் சேர்ட்ரலின் 100 குடித்தான். சுகமாகிவிட்டது என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டான். நாலாம் நாளிலிருந்து தலைக்குள் கரண்ட் அடிக்குதாம், தலைச்சுற்று, எரிச்சல். அடிமையாகிவிட்டானா?
*ஓர் அக்கா, கல்லடி*

பதில்: இல்லை. இன்னும் வேண்டும் என்ற ஏக்கமோ, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசையோ இந்த மருந்தில் வராது. மருந்துக்குப் பழகிய நரம்புகள் திடீரென அது இல்லாமல் தடுமாறுகின்றன. சேர்ட்ரலின் ஏறக்குறைய ஒரு நாளில் உடம்பில் பாதியாகிவிடும், அதனால் நிறுத்திய சில நாளிலேயே இப்படித் தெரியும். புளுஒக்செற்றின் நாட்கணக்கில் தங்கும், அதில் இது குறைவு. பழைய நோய் திரும்பினால் வேறுமாதிரி: கிழமைகள் மாதங்கள் கழிந்து, மெல்ல மெல்ல நித்திரையும் பசியும் மனமும் கெடும்.

இப்போது கிளினிக்கில் சொன்னால் பெரும்பாலும் மருந்தைத் திரும்பத் தொடங்கி, பிறகு படிப்படியாக இறக்குவார்கள். 100இலிருந்து 75, 50, 25 என்று, ஒவ்வொரு படியிலும் சில கிழமை தங்கி. ஆனால் இறக்க இது நேரமா என்பதே முதற்கேள்வி. முதன்முறை வந்த மனச்சோர்வென்றால், சுகமான பின்னும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு வருடம்வரை சொல்வார்கள். சுகமாய் இருப்பது குளிசை வேலை செய்வதால்தான் என்று தம்பிக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: மருந்து தொடங்கிய பிறகு தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. யாரிடம் சொல்வது?
*பெயர் வேண்டாம், அக்கரைப்பற்று*

பதில்: இது மருந்தின் வேலை, உங்கள் குறையல்ல. இந்த வகை மருந்தில் ஆண், பெண் இருவருக்கும் அடிக்கடி வருவது. குமட்டல்போலத் தானாகப் போகும் என்று சொல்ல முடியாது. அளவைக் குறைக்கவோ, மேர்ட்டசபின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றவோ டொக்டரால் முடியும். பாமசியில் நீங்களாக வீரியக் குளிசை வாங்க வேண்டாம், முக்கியமாக நெஞ்சு நோவுக்கு மருந்து எடுப்பவரானால். கிளினிக்கில் ஆட்கள் சுற்றி நிற்கும்போது வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள்.