வண்டின் முதுகில் வாடல் நோய்

கேள்வி: ஐயா, கொல்லையில் 20 வாழை வைத்திருக்கிறேன். அடி இலைகள் மஞ்சளாகித் தண்டைச் சுற்றித் தொங்குகின்றன. கிழங்கைத் தோண்டினால் கறுப்பு வண்டுகள். நோயைக் கொண்டுவந்தது வண்டுதான், அதைக் கொன்றால் மரம் பிழைக்கும் என்கிறார் என் அண்ணன். சரியா?
– வாசகி, டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, முதலில் ஒரு மரத்தின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்பு நிறம் ஓடியிருந்தால் அது ஃபுசேரியம் பூஞ்சையின் வாடல் நோய். வேர் வழியே புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. தண்டு வெள்ளையாக இருந்து, கிழங்கு மட்டும் துளைபட்டிருந்தால் வண்டின் வேலை.

அண்ணன் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. கிழங்குக் கூன்வண்டு பறப்பது அரிது. பகலில் மரத்தடியில் ஒளிந்திருந்து இரவில் ஊர்ந்து போகும். ஆஸ்திரேலியாவில் நோயுற்ற வாழைகளில் பிடித்த வண்டுகளின் ஓட்டின்மேல் பூஞ்சையின் உயிருள்ள வித்துகள் ஒட்டியிருந்தன. அடுத்த மரத்துக்கு அது நோயைச் சுமந்து போகலாம். ஆனால் ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது நாம்தான்: பக்கக்கன்று, மண்வெட்டி, செருப்பில் ஒட்டிய மண்.

தென்கரையில் நான் வாழை வைத்திருந்தபோது, வாடிய மரங்களை வெட்டித் துண்டுபோட்டு மற்ற வரிசைகளுக்கு மூடாக்காகப் பரப்பினேன். அழுகும் தண்டின் வாசனைக்கு வண்டு குவிந்தது. அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் அந்த வரிசைகளும் வாடின. வண்டு கொண்டுபோனதா, என் கை கொண்டுபோனதா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். நோயுற்ற மரத்தை இழுத்துக்கொண்டு அலையாமல், நின்ற இடத்திலேயே அழித்துவிடுங்கள்.

வண்டுக்குப் பொறி வையுங்கள். ஒரு முழ வாழைத்தண்டை நெடுக்காகப் பிளந்து, வெட்டுப்பக்கம் தரையில் படும்படி மரத்தடியில் வைத்தால் போதும். நல்ல மரத்தின் தண்டாக இருக்கவேண்டும். இதில் பலர் தவறுகிறார்கள். ஓரிரு நாளில் காலையில் புரட்டி, வண்டுகளைச் சோப்பு நீரில் போடுங்கள். வேலிக்கு அப்பால் வீசினால் நோயும் அங்கே போகும். நல்ல மரங்களில் முதலில் வேலை செய்யுங்கள், நோய்ப்பட்டவற்றுக்குக் கடைசியில் போங்கள், மண்வெட்டியைக் கழுவுங்கள்.

நம் நாட்டில், கடைகளில் அதிகம் விற்கும் கேவண்டிஷ் வாழையையும் வாட்டும் பூஞ்சை வகை பல காலமாக இருக்கிறது. அதைவிடக் கொடிய வகை 2013-இல் பக்கத்து மொசாம்பிக்கில் கண்டறியப்பட்டது. அதனால் எல்லை தாண்டி யார் கன்று கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: அதே குழியில் மறுபடி வாழை வைக்கலாமா?
– அதே வாசகி

பதில்: வேண்டாம். பூஞ்சை மண்ணில் 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அங்கே சேம்பு போடுங்கள். வாழைக்கு வேறு இடம் பார்த்து, திசு வளர்ப்புக் கன்றாக வாங்கி வையுங்கள்.